காரணம் எண் ஒன்பது

லிஃப்ட் ஓடவில்லை. ஓடாது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும், நாலு மாசமாக ஓடவில்லை, ஆனாலும் இந்த ஜி பிளாக்குக்கு வரும்போதெல்லாம் அந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் படிக்குத் திரும்புவாள், இன்றைக்கும் அமுக்கினாள், அமுக்கிவிட்டு, நல்லவேளை ஓடவில்லை என்று நினைத்தாள், ஓடியிருந்தால் ஒரே நிமிஷத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும், பரிமளம் அக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டு வாயில் என்ன வார்த்தை வருகிறதென்று பார்க்க வேண்டியதுதான். பரிமளம் அக்கா செத்து இன்றோடு பன்னிரண்டு நாள். அவள் கையில் கட்டியிருந்த வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு, விலகல் படிவத்தில் வீட்டு ஆள் ஒருவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மேலதிகாரி வைதேகி மேடம் போனில் அப்படித்தான் சொன்னார், "பத்து நிமிஷம் ஜெசிந்தா, போனோமா வந்தோமான்னு இருக்கணும், வியாதி அது இதுன்னு பேச்சு எடுக்காதீங்க, நம்ம ஸ்டடி வெக்கையப் பத்தி, வியாதியப் பத்தி இல்ல." இல்லைதான். கத்திரி வெயிலில் இந்த மாதிரி கான்கிரீட் பெட்டிக்குள் குடியிருக்கிற உடம்பு எவ்வளவு சூடு வரைக்கும் சௌகரியமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி, நாற்பது வீடு, வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு இருபத்தெட்டு நாள் கழற்றாமல் கட்டியிருக்க நாடி எண்ணுகிற ஒரு வாட்ச், காலண்டர் ஆணியில் தொங்க ஒரு வெள்ளை டப்பா, அது வீட்டுச் சூட்டை எழுதிக்கொண்டே இருக்கும். சௌகரியம் என்ற வார்த்தையை மேல்மாடி வீடுகளில் உட்கார்ந்து சொல்லும்போதெல்லாம் அவளுக்கு வாய் கூசும். கூசினாலும் சொல்லுவாள், அதைச் சொல்லத்தான் சம்பளம்.

முதல் மாடி ஏறும்போதே தேசம்மா சொன்னதும் கூடவே ஏறி வந்தது. தேசம்மா கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் போண்டா சட்டி வைத்திருக்கிறவள், அவளிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ளாமல் யாரும் இந்த பிளாக்கில் ஏறவும் முடியாது இறங்கவும் முடியாது. "எட்டாவது மாடிக்கா போற? அந்த ஊட்ல அப்பனும் பொண்ணும் பேசிக்கறதில்ல, பாத்துப் போ" என்று கேட்காமலே ஆரம்பித்தாள். "அன்னிக்கு லாரித் தண்ணி வந்துச்சு. யுவராணி போன்ல பேசிகினு இருந்துச்சாம். அஞ்சு நிமிசம் இரும்மான்னு சொல்லிச்சாம். லாரிக்காரன் நிப்பானா? ஆத்தாக்காரி ரெண்டு கொடத்தையும் தூக்கினு ஏறிடுச்சு. மேல போயி வச்சுட்டு உக்காந்தது, எந்திரிக்கவே இல்ல. மாசிலாமணி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு, நீதான்டி உங்கம்மாவக் கொன்னேன்னு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அது ஊட்ட உட்டுப் போயிடணுமாம். சோறு ஆக்கி வைக்குது பாவம், மனுசன் தொடறதில்ல, இங்க வந்து ரெண்டு போண்டா துன்னுட்டுப் போறாரு." கரண்டியைச் சட்டியில் தட்டிவிட்டு, "பிளாக்கே அதத்தான் சொல்லுது" என்று முடித்தாள். அந்தப் பெண் இல்லை, காரணம் என்று ஒன்று உண்டென்றால் அது இதோ இந்தத் தோள் பையில் இருக்கிறது என்று ஜெசிந்தா அங்கேயே சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள், ஆமாம் அவள்தான் கொன்றாள் என்று ஆட்டியது போலத்தானே ஆகிவிட்டது. இன்னும் நாலு நாள். இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி, அம்மாவைக் கொன்றவள் என்ற பேரோடு பையைத் தூக்கிக்கொண்டு இதே படியில் இறங்கப் போகிறாள், இறங்கும்போதும் தேசம்மா அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் கை வைத்தாள், சுட்டது. கைப்பிடிக் கம்பி அதைவிடச் சூடு. தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள், நூற்றுப் பதினாறு. களப்பணி ஆட்களுக்கும் ஒரு வாட்ச் உண்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஆனால் இவர்கள் வாட்ச்சில் எண் தெரியும், வீட்டுக்காரர்கள் வாட்ச்சின் முகத்தில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தன் நாடி எத்தனை என்று பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் நாடி ஏறும், டேட்டா கெட்டுப் போகும், அதனால் மூடியிரு என்பது விதி. சரி, கட்டியவளுக்குத் தெரியக் கூடாது. அப்புறம் யாருக்குத்தான் தெரியும்? திங்களும் வியாழனும் வந்து எண்களை டேப்லெட்டில் இறக்கிக்கொள்கிற ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவள் மேலே அனுப்புகிற வரைக்கும் வேறு ஒரு ஜீவனுக்கும் தெரியாது. அந்த நேரத்துக்குப் பொருந்தாத எண் வந்தால் டேப்லெட்டில் அந்த வரி சிவப்பாகிவிடும், சிவப்பு வரிக்குப் பக்கத்தில் ஒரு காரண எண் போட்டால்தான் மேலே அனுப்ப முடியும். நாலு போட்டால் பட்டை தளர்வு. ஆறு போட்டால் குளிக்கக் கழற்றியது. எட்டு போட்டால் உடம்பு சரியில்லை, அது போட்டால் ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும், தனிப் படிவம் எழுத வேண்டும், அங்கேயிருந்து டாக்டர் ஒருவர் கூப்பிட்டு விசாரிப்பார், அந்த வீடு கணக்கிலிருந்து விழுந்துவிடும். ஒன்பது போட்டால் வேறு ஆள் கட்டியிருந்தது. ஒன்பது போட்ட வரியை மேலே ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை, நேரே குப்பை. எட்டும் ஒன்பதும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒரு விரல் அகலம். விரல் வழுக்கி மாறிப்போய்விட்டது என்று சொல்லக்கூட அவளுக்கு வழியில்லை, ஏனென்றால் வழுக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் நிதானமாகப் பார்த்துத்தான் ஒன்பதை அமுக்கினாள். பதினோரு நாள். அதே மதியம் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில், மனுஷர் படுத்துக் கிடக்கிற நேரத்தில், நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்து நாலு, நூற்று முப்பத்தொன்று. பதினோரு நாளும் ஒன்பது.

எதனால் ஒன்பது என்றால், ஆடு. அந்த ஆட்டைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. சி பிளாக்கில் தாமோதரன் என்று ஒரு ஆள், பட்டை அரிக்கிறது என்று வாட்ச்சைக் கழற்றித் தன் வெள்ளாட்டின் காலில் கட்டிவிட்டான், ஆறு நாள் ஆடு மேய்ந்த டேட்டாவை ஜெசிந்தா சமர்த்தாக வாங்கி மேலே அனுப்பியிருக்கிறாள், அங்கே ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார். மீட்டிங்கில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது, வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் ஆரம்பித்ததுதான் இந்தச் சூரத்தனம். மருமகனுக்கு மாட்டிவிட்ட மாமியாரைப் பிடித்தாள், பந்து விளையாடப் போன தம்பிக்குக் கட்டிவிட்ட அண்ணனைப் பிடித்தாள், எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் இது யார் கை என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டாள். வைதேகி மேடம் அடுத்த மீட்டிங்கில், ஜெசிந்தாவோட டேட்டாதான் சுத்தம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே இரண்டு மாசம் ஓடியது, பரிமளம் அக்காவின் சிவப்பு வரிகள் வந்தபோதும் அது வாயில் இருந்தது. லீவு விட்டிருந்த நேரம், எட்டாவது மாடி வராந்தா முழுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், எதிர் வீட்டுச் சின்னப் பெண் ஒன்று ஒரு நாள் பரிமளம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கட்டு எனக்குக் கட்டு என்று கேட்டதை ஜெசிந்தாவே கண்ணால் பார்த்தாள். போதாதா? மதியம் படுக்கப் போகும்போது பிள்ளை கையில் கட்டிவிட்டுத் தூங்கியிருப்பாள், பிள்ளை ஓடியிருக்கும், நூற்று முப்பது வந்திருக்கும். எவ்வளவு அழகாகப் பொருந்தியது. பொருந்தினதும் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், பிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம், அதை இப்போது நினைத்தால் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

நாலாவது மாடியில் மூச்சு வாங்கியது. நின்றாள். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ ஒருத்தி அழுகிற சத்தம், குக்கர் சத்தம், இரண்டுக்கும் நடுவில் தன் நெஞ்சு அடிக்கிறது காதில் கேட்டது. நூற்று முப்பத்து நாலு. நாலு மாடி ஏறினவளுக்கு நூற்று முப்பத்து நாலு, சரி. பாயில் படுத்துக் கிடந்தவளுக்கு? அன்றைக்கு வியாழக்கிழமை. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜெசிந்தா கேட்டாள், "அக்கா, உண்மையச் சொல்லுங்க, மத்தியானம் யாருக்குக் கட்டி விடுறீங்க?" பரிமளம் அக்காவுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கிப் போயிற்று. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறவள், வாட்ச் கட்டிய கையைத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு கழுவினவள், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்காதவள். "கழட்டவே இல்ல கண்ணு. சத்தியமா. சும்மாத்தான் படுத்துனு இருந்தேன். நெஞ்சுதான் உள்ள ஓடுது, நான் எங்க ஓடினேன்?" என்றாள். நெஞ்சுதான் உள்ளே ஓடுகிறது. அப்படியே அந்த வார்த்தையில்தான் சொன்னாள். நர்சிங் ஒன்றரை வருஷம் படித்துவிட்டுக் கல்யாணத்துக்காக நிறுத்தினவள் ஜெசிந்தா, இதைவிடத் தெளிவாக ஒரு பேஷண்ட் எப்படிச் சொல்லுவாள்? பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அவள் காதில் அது எப்படி விழுந்தது? அடடா, நல்லா ஜோடிச்சுப் பேசுறாளே என்று விழுந்தது. "இப்படிப் பண்ணினா உங்களை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவாங்க, என் பேரும் கெடும்" என்றாள், தன்னைவிடப் பதினெட்டு வயசு மூத்தவளிடம், அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டு, அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு. பரிமளம் அக்கா கையை நீட்டினாள். "நீயே இறுக்கிக் கட்டிடு கண்ணு, அப்பத்தான் உனக்கு நம்பிக்கை வரும்."

கட்டினாள். இங்கேதான் வந்து வந்து மாட்டிக்கொள்கிறது. பட்டையை இரண்டு ஓட்டை தள்ளி இறுக்கினாள், இறுக்கும்போது வலது கை விரல் மூன்றும் அந்த மணிக்கட்டின் உள்பக்கம்தான் இருந்தன, வேறு எங்கே இருந்திருக்கும், அப்படித்தானே கட்ட முடியும். நாடி பார்க்கிற இடம். கட்டைவிரல் பக்கம், எலும்பை ஒட்டி. முதல் வருஷம் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது. விரலில் அடித்ததா? அடித்திருக்கும், அடிக்காமல் எப்படி. தெரிந்ததா? பன்னிரண்டு நாளாக இந்தக் கேள்விதான், பஸ்ஸில், சமையலில், கோயிலில் முட்டி போட்டிருக்கும்போது, அருள் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடும்போது. சில சமயம் தெரிந்தது போலவே இருக்கிறது, தோலுக்கு அடியில் ஒரு அவசரம், படபடவென்று. ஆனால் அது அப்போது தெரிந்ததா, இல்லை, செத்த பிறகு இவளாகச் சேர்த்துக்கொண்டதா? தெரிந்துதான் விட்டுவிட்டாள் என்றால் அவள் யார்? தெரியவில்லை என்றால், ஒன்றரை வருஷம் படித்த அந்த விரல் எதற்கு? இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால்கூட அவளுக்கு எடுக்கத் தெரியவில்லை. ஐந்தாவது மாடி வந்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், வியர்வை, வேறொன்றுமில்லை.

அசைவு என்று ஒரு பக்கம் உண்டு. டேப்லெட்டில் நாடிப் பக்கத்தை இடது பக்கம் தள்ளினால் வரும், கை எவ்வளவு ஆடியது, எத்தனை அடி நடந்தது என்று வாட்ச் அதையும் எழுதிக்கொண்டுதான் இருக்கும். களப்பணியாளர் அதைப் பார்க்க வேண்டியதில்லை, பயிற்சியில் அதைச் சொல்லித் தரவும் இல்லை, பார்க்கக் கூடாது என்றும் இல்லை. சாவுச் செய்தி வந்த அன்று ஆபீஸ் மாடியில் தனியாக நின்று முதல் தடவையாகத் தள்ளிப் பார்த்தாள். அந்தப் பதினோரு மதியமும் ஒரே நேர்கோடு. ஒரு அடி நடக்கவில்லை. புரண்டு படுத்த அசைவுகூட ரொம்ப இல்லை. எந்தப் பிள்ளையும் ஓடவில்லை, எந்தப் பிள்ளை கையிலும் அது ஏறவில்லை, ஒரு மனுஷி கல்லாகக் கிடந்திருக்கிறாள், நெஞ்சு மட்டும் நூற்று முப்பதில் ஓடியிருக்கிறது, மேலே மொட்டை மாடியின் வெயில் முழுக்க அந்த ஒற்றைக் கூரையில் இறங்க, வெள்ளை டப்பா முப்பத்தொன்பது, நாற்பது என்று எழுதியிருக்கிறது. ஒரே ஒரு தள்ளு. அதைத் தள்ளிப் பார்த்திருந்தால். ஏழு முகப் படம் காட்டிக் கேட்பாளே, இப்போது வீடு உங்களுக்கு எப்படி இருக்கிறது, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரைக்கும், அதில் பரிமளம் அக்கா எப்போதும் நடு முகத்தைத்தான் தொடுவாள். இந்த பிளாக்கில் எல்லோரும் நடு முகத்தைத்தான் தொடுவார்கள். எட்டு மாடி ஏறி வந்தவளிடம் என் வீடு நரகம் என்று யார் சொல்லுவார்கள், இருக்கிற ஒரு மின்விசிறியை வந்தவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நடு முகத்தைத் தொடுகிற ஜனம். அந்த நடு முகத்தை மட்டும் ஜெசிந்தா நம்பினாள். அதற்கு அவள் காரண எண் ஒன்றும் போடவில்லை, சுத்தமான டேட்டா என்று அப்படியே அனுப்பினாள்.

அருளிடம் சொன்னாள், புருஷனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது. "நீ டாக்டரா?" என்றான் அருள். "அந்தம்மாவுக்கு ஏற்கெனவே எதாவது இருந்திருக்கும். ரெண்டு குடம் தண்ணியத் தூக்கிட்டு எட்டு மாடி ஏறினா யாருக்குத்தான் ஆகாது? வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு, ஆகஸ்டுல உன் கான்ட்ராக்ட் முடியுது." அவன் சொன்னதிலும் தப்பு என்று சொல்ல முடியாது. எட்டு போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா? அந்த டாக்டர் கூப்பிட்டிருப்பாரா, கூப்பிட்டாலும் அக்கா மண்டப வேலையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாளா, போனாலும் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வந்து அதே கூரையின் கீழேதானே படுத்திருப்பாள்? தெரியாது. தெரியாது என்பதுதான் ஆறாவது மாடி வரைக்கும் கைகொடுத்தது. தெரியாத ஒன்றைப் போய் எப்படிச் சொல்வது. ஆனால் ஒன்று தெரியுமே, அது அன்றைக்கு அந்தக் குடத்தால் ஆரம்பித்ததில்லை, பதினோரு நாள் முன்னாலேயே ஆரம்பித்தது என்று தெரியுமே. அது தெரிந்தால் மாசிலாமணி மகளைப் பார்த்து அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லுவாரா? அப்போதுதான் அவளுக்குள் ஒரு சாமர்த்தியம் தலைகாட்டியது. பாதியைச் சொன்னால் போதும். அம்மாவுக்கு முன்னாலேயே நெஞ்சில் கோளாறு இருந்திருக்கு, வாட்ச்சில் பதிவாகியிருக்கு, பின்னால ஆபீசில் பார்த்தபோது தெரிய வந்தது. பொய் ஒன்றுமில்லை அதில். தெரிய வந்தது. யாருக்குத் தெரிய வந்தது, எப்போது, என்று யாரும் கேட்காத மாதிரி ஒரு வாக்கியம். பெண்ணுக்கும் அந்தக் கெட்ட பேர் போகும், ஆகஸ்டும் தாண்டும். இரண்டு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது, வைதேகி மேடமே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. அதனாலேயே அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது. ஏழாவது மாடிப் படியில் யாரோ ஒரு குடத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், தளும்பின தண்ணீர் படியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். நூற்று நாற்பத்தாறு. இங்கே வந்தால் வெயில் வேறு ஒரு சாதி, பக்கவாட்டில் இல்லை, தலைக்கு மேலேயிருந்து அடுப்புத் திறந்த மாதிரி அமுக்குகிறது. ஓடிவிடலாமா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கடைசிப் படியையும் ஏறினாள்.

கதவு திறந்துதான் இருந்தது. யுவராணி வாசலுக்கு வந்தாள், தலையில் எண்ணெய் இல்லை, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "வாங்க மேடம்" என்றாள், வழக்கம்போல மின்விசிறியைத் திருப்பப் போனாள், ஜெசிந்தா வேண்டாம் என்றாள். உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாசிலாமணியின் முதுகு மட்டும் தெரிந்தது. அலமாரியிலிருந்து ஒரு கர்ச்சீப் மடிப்பை எடுத்து வந்து நீட்டினாள் பெண், உள்ளே வாட்ச், பட்டை கழுவித் துடைத்து. படிவத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேடம் சொன்ன மாதிரி போனோமா வந்தோமா. வரேன் என்று ஜெசிந்தா வாசல்படியில் காலை வைத்தபோது யுவராணி, "மேடம்" என்றாள்.

"அம்மா ஒண்ணு சொல்லிகினே இருந்துச்சு, உங்களாண்ட சொல்லணும்னு. அத யார் கைக்கும் குடுக்கலியாம். நீங்க கோச்சிகினு போனதுலருந்து பக்கத்துப் பசங்கள ஊட்டுக்குள்ளயே உடல. அந்த மேடத்துக்கு என் மேல நம்பிக்கை போயிடுச்சுன்னு அழுதுச்சு. நெசமாவே குடுக்கல மேடம். அத மட்டும் நம்பிக்கோங்க."

அந்த வாக்கியம், நன்றாக இருந்த வாக்கியம், ஜெசிந்தாவின் வாயில் தயாராகத்தான் இருந்தது. அதன் முதல் வார்த்தையை எடுத்தாள், வேறு வார்த்தை வந்தது.

"எனக்குத் தெரியும், குடுக்கல. நான்தான் தப்பா எழுதினேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னாள். "உங்கம்மா நெஞ்சு சரியில்ல. குடம் தூக்கின அன்னிக்கு இல்ல, அதுக்குப் பதினோரு நாள் முன்னாடியே. படுத்திருக்கும்போதே நூத்தி முப்பது அடிச்சிருக்கு. அது எனக்கு வந்துச்சு. எனக்கு மட்டும்தான் வந்துச்சு. உடம்பு சரியில்லன்னு போட ஒரு நம்பர் இருக்கு, அதப் போட்டிருந்தா டாக்டர் கூப்பிட்டிருப்பாரு. நான் வேற நம்பர் போட்டேன். உங்கம்மா ஏமாத்துறாங்கன்னு போட்டேன். நெஞ்சு ஓடுதுன்னு அவங்க எங்கிட்ட சொன்னாங்க. நான் நம்பல."

எதிர் வீட்டுப் பிள்ளை ஒன்று வராந்தாவில் எதையோ உருட்டிக்கொண்டு போகிற சத்தம் வந்து போயிற்று. ஜெசிந்தாவுக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது போல இருந்தது, இறங்கினதற்காக வெட்கமாகவும் இருந்தது, இப்போது இந்தப் பெண் அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம், அறைந்தால் நல்லது, அதோடு முடிந்துவிடும், படி இறங்கிவிடலாம்.

"எத்தினி நாளு?" என்றாள் யுவராணி.

"பதினோரு நாள்."

"நான் போன் பேசினதுக்கு முன்னாடியே."

"முன்னாடியே."

பெண் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். சுவரைப் பார்த்திருந்த அந்த முதுகு அசையவில்லை. பன்னிரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் கூப்பிடாத ஒரு வார்த்தையை அவள் கூப்பிட்டாள்.

"அப்பா."

அவர் காலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டார்.

"அப்பா, எந்திரிச்சு வா. வந்துட்டு அப்பறம் படுத்துக்கோ."

மாசிலாமணி எழுந்து வர நேரம் ஆயிற்று. மழிக்காத முகம், பனியன், ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்து, வழக்கத்தினாலேயே, "வாம்மா, உக்காரு" என்றார்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் யுவராணி. "எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் உடாம."

ஒரு தடவை சொல்வதற்குத்தான் ஜெசிந்தாவிடம் பலம் இருந்தது, அதைச் செலவழித்தாகிவிட்டது. இந்தத் தடவை தரையைப் பார்க்க முடியாது, அந்த மனுஷர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.